கிலாட் திடலில் ஒரு ரன்

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் காய்கறி அடுக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வங்காளதேசத்தவர். இங்கு வந்து மூன்று வருடமாகிறது. மலாயும் கடையில் பழகிய தமிழும் கலந்துதான் பேசுவார்.

“அக்கா, கிலாட் கிளப் இங்கிருந்து தூரமா?”

எதற்கு என்றேன். விடுமுறை நாளில் போய்ப் பார்க்க வேண்டுமாம். இரட்டைக் கோபுரம் பார்த்தாகிவிட்டது, பத்துமலை பார்த்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்றார். கையில் இருந்த சவி கட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த என் அலுவலக நண்பர்கள் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்கு அந்த இடம் தெரியாது. பங்சாரை ஒட்டிய பந்தாய் பக்கத்தில், தெனாகா நேஷனல் ஊழியர்களுக்கான விளையாட்டு மன்றம் அது. மின்சார வாரியத்துக்குப் பொருத்தமாக ‘மின்னல்’ என்று பெயர். ஆனால் வங்காளதேசத்தில் கிரிக்கெட் பார்க்கும் யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நான் அந்தத் திடலில் உட்கார்ந்திருக்கிறேன். 1997 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பதினொரு வயது.

மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. வீட்டில் அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். நான் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததால், “இவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க” என்று அப்பாவிடம் தள்ளிவிட்டார். அண்ணனுக்கு டியூஷன். அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேராகக் கிலாட் கிளப் போனார். ஐசிசி கோப்பையின் இறுதி ஆட்டம். அப்பாவுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். எந்த நாடு ஆடினாலும் பார்ப்பார்.

ஐசிசி கோப்பை என்பது பெரிய வீட்டின் வாசலில் நிற்பவர்களுக்கான போட்டி. டெஸ்ட் விளையாடும் தகுதி இல்லாத நாடுகள் மோதி, மேலே வருகிறவர்கள் உலகக் கோப்பைக்குப் போகலாம். 1979-இல் தொடங்கியது. வங்காளதேசம் அந்த முதல் போட்டியிலிருந்தே ஆடி வந்தது, ஒவ்வொரு முறையும் வாசலிலிருந்தே திரும்பியது. 1997-இல் மலேசியா ஏற்று நடத்தியபோது 22 நாடுகள் வந்தன, மூன்று இடங்கள் இருந்தன. புல்தரை பிட்ச் கிடையாது, செயற்கை விரிப்பின் மேல்தான் எல்லா ஆட்டமும்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பே அவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத் திடலில் நெதர்லாந்துடன் ஓர் ஆட்டம். மழையால் 33 ஓவரில் 141 என்று இலக்கு மாறியது. 15 ரன்னுக்கு நான்கு விக்கெட் போய்விட்டது. கேப்டன் அக்ரம் கான் கடைசிவரை நின்று 68 எடுத்துக் காப்பாற்றினார். அந்த ஆட்டம் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். (நம் முன்னோர் வெட்டிய மரத்தை ஆராய்வதற்கென்று அமைந்த நிலையத்தில் இன்னொரு நாட்டின் கிரிக்கெட் பிழைத்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.) அரையிறுதியில் ஸ்காட்லாந்தை வென்றதுமே 1999 உலகக் கோப்பைக்கு இடம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் கோப்பை பாக்கி இருந்தது. எதிரே கென்யா.

இறுதி ஆட்டம் சனிக்கிழமையே தொடங்கியது. கென்யா 50 ஓவரில் 241. அதில் ஸ்டீவ் டிகோலோ ஒருவரே 147. பிறகு மழை பிடித்துக்கொள்ள, ஆட்டம் ஞாயிற்றுக்கு நகர்ந்தது. ஞாயிறும் மழை. நாங்கள் போனபோது திடல் ஈரமாகத்தான் இருந்தது. கடைசியில் 25 ஓவரில் 166 எடுக்க வேண்டும் என்றார்கள்.

எனக்குக் கணக்கு புரியவில்லை. பாதி ஓவர் என்றால் பாதி ரன், 121 தானே? அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பத்து விக்கெட்டும் அப்படியே இருக்குல்ல. அம்பது ஓவருக்குப் பத்து விக்கெட்டை வச்சு ஆடறது வேற, இருபத்தஞ்சு ஓவருக்கு ஆடறது வேற. அடிச்சு ஆடலாம்ல. அதுக்குத்தான் கூட்டிக் குடுத்திருக்கான்.” டக்வொர்த்-லூயிஸ் விதி சர்வதேச ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது அந்த ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான். மூன்றரை மாதக் குழந்தை. அதை அப்பா அளவுக்குச் சுருக்கமாக எனக்கு விளக்கியவர்கள் இதுவரை யாருமில்லை.

அன்று ஆட்டத்தைவிட நான் அதிகம் பார்த்தது கூட்டத்தை. திடலைச் சுற்றிலும் வங்காளதேசத் தொழிலாளர்கள். தொழிற்சாலையிலும் கட்டுமானத்திலும் தோட்டத்திலும் வேலை பார்க்க வந்தவர்கள். பச்சைக் கொடியும் சிவப்பு வட்டமுமாக எங்கு பார்த்தாலும் ஒரே சத்தம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவர்களை ‘பங்ளா’ என்றுதான் சொல்வோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே அந்த ஆட்களை எடுத்த பிறகு ஓவர்டைம் குறைந்துபோயிருந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சொல் எந்தத் தொனியில் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோது, “அபாங்! அபாங்!” என்று ஒருவர் கையை ஆட்டினார். அப்பாவின் தொழிற்சாலை ஆள். தினமும் பார்க்கிறவர்தான், ஆனால் அப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது. தன் கூட்டாளிகளைத் தள்ளி உட்காரச் சொல்லி எங்கள் இருவருக்கும் இடம் போட்டார். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை அப்பா திறந்து நீட்டினார். என்ன விசேஷம் என்று அவர் மலாயில் கேட்டார். நாளைக்கு எங்களுக்கு வருடப் பிறப்பு என்றார் அப்பா. அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். அவர்களுக்கும் நாளைக்குத்தான் வருடப் பிறப்பு. போய்லா போய்ஷாக். அதாவது வைசாகத்தின் முதல் நாள்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் பெயரைக் கேட்டார்.

ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி பிறகு படித்தது. முதல் பந்திலேயே ஒரு விக்கெட் போனதும், கூட்டம் அப்படியே அடங்கியதும் நினைவிருக்கிறது. நடுவில் ரஃபீக் விளாசினார், அமினுல் இஸ்லாம் 37 எடுத்தார். விக்கெட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசி ஓவரில் 11 ரன் வேண்டும், கையில் இரண்டே விக்கெட். மார்ட்டின் சுஜி பந்து வீச, விக்கெட் கீப்பர் காலித் மசூத் முதல் பந்தையே சிக்ஸர் அடித்தார். பக்கத்தில் இருந்தவர் என்னைத் தூக்கியே விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு யுகம். கடைசிப் பந்தில் ஒரு ரன் பாக்கி. ஹசிபுல் ஹுசைன் ஆடுகிறார். அவர் பந்துவீச்சாளர், மட்டை பிடிப்பவர் இல்லை. பந்து காலில் பட்டது. ஓடினார்கள். லெக்பை. அவ்வளவுதான். திடல் முழுக்க மனிதர்கள் இறங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு இடம் போட்டவர் எழுந்து ஓடவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அணிக்கு டாக்காவில் கிடைத்த வரவேற்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1999 உலகக் கோப்பையில் அவர்கள் பாகிஸ்தானை வென்றார்கள். 2000 ஜூனில் டெஸ்ட் தகுதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவில் இந்தியாவுடன் முதல் டெஸ்ட். அதில் 145 ரன் எடுத்தவர், கிலாட் திடலில் 37 எடுத்த அதே அமினுல் இஸ்லாம். ஒரு ரன்னில் தவறவிட்ட கென்யாவின் கதை வேறு. 2003 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள், டெஸ்ட் தகுதி மட்டும் வரவேயில்லை. 2014-இல் ஒருநாள் ஆட்டத் தகுதியும் போனது. டிகோலோவின் 147-ஐ இன்று யார் பேசுகிறார்கள்? எனக்கு அந்த மனிதரை நினைத்தால்தான் வருத்தம்.

எங்களுக்கு இடம் போட்டவர் என்ன ஆனார் என்று தெரியாது. ஜூலையில் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு நாள் அப்பா வேலை முடிந்து வந்து, அவர் பெயரைச் சொல்லி, “போயிட்டாரு” என்றார். அப்பா வாயில் ‘பங்ளா’ என்ற சொல்லை அதற்குள் நாங்கள் கேட்பது நின்றுபோயிருந்தது. எந்த நாளிலிருந்து என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

நானோ அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1998 காமன்வெல்த் போட்டிக்கு சச்சின் கோலாலம்பூர் வந்தபோது எனக்கு கிலாட் திடல் மறந்தே போனது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை இரவு, நண்பர்களோடு மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். உலகக் கோப்பை, இந்தியாவும் வங்காளதேசமும். இந்தியா 191-க்குச் சுருண்டது. தே தாரிக் கொண்டுவந்த பையன் வங்காளதேசத்தவர். கோப்பையை வைக்கும்போது திரையைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டார். எங்கள் மேசையிலிருந்து ஒருவர் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடியும் நேரத்தில் ஐந்து விக்கெட்டில் அவர்கள் வென்றபோது அந்தப் பையன் சமையலறைப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட அவருக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது.

அதனால்தான் மளிகைக் கடைத் தம்பி வழி கேட்டபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். எந்த ரயில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நான் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவள் என்று சொன்னதும் முதலில் நம்பவில்லை. பிறகு உள்ளே போய் முதலாளியையே கூட்டிவந்து, “இந்த அக்கா பார்த்திருக்காங்க” என்று காட்டினார். 1997-இல் அவர் பிறக்கவேயில்லை. வானொலியில் கேட்ட தன் அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். வேலிக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போடும் சட்டையில். கூடவே ஒரு கேள்வி: “அக்கா, ஹசிபுல் எந்தப் பக்கம் ஓடினார்?”

எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு போன் செய்தேன். எழுபது தாண்டிவிட்டது, காதும் கொஞ்சம் மந்தம். இரண்டு முறை கத்திச் சொன்ன பிறகு புரிந்துகொண்டார்.

“அதை போன்ல எப்படிம்மா சொல்றது? அந்தத் தம்பிய ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

கடைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்று பேசி வைத்திருக்கிறோம். முறுக்குக்கு அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.