பாண்டுங் நிறத்தில் கியர் எண்ணெய்

வானொலியில் பேசிப் பிழைப்பவர்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை. ஒலிவாங்கியில் மெல்லிய இரைச்சல் வந்தாலும் பிடித்துவிடுவோம். அந்தத் தைரியத்தில்தான் காஹாங்கில் என் மாமாவின் பிக்கப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டயர் பேலன்சிங்தான் மாமா, வேற ஒன்னும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னேன். ஊடகப் படிப்பு படித்தவர்களுக்கு எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல வரும். சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் உள்ள சிறு பட்டணம். என்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் இங்கே திரும்பித்தான் கம்போங் பெத்தாவரை 50 கிலோமீட்டருக்கும் மேல் குலுங்கிக்கொண்டே போவார்கள். சுற்றிலும் செம்பனை. மாமாவுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. குலைகளைச் சேற்றுப் பாதையிலிருந்து வெளியே கொண்டுவருவது அவருடைய 16 வயது டீசல் பிக்கப்தான், ஆட்டோ கியர். வெட்டிய குலையை நாள்கணக்கில் போட்டு வைக்க முடியாது. எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் போகும், விலையும் இறங்கும். வண்டி நின்றால் வருமானமும் நின்றது.

வண்டி அதிர்ந்தது. காலையில் ரிவர்ஸ் போட்டால் சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒரு பட்டறையில் காட்டினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: கியர்பாக்ஸ் போச்சு, ரீகோன் போட ஆறாயிரம் வெள்ளி. அத்தை தன் நகையை எடுத்து வைத்துவிட்டார். அப்போதுதான் மாமா, தோட்டப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"ஏன் போச்சுன்னு கேட்டியாடா?" என்றார் அவர்.

"அத கேக்கலண்ணே. எவ்ளோ ஆகும்னுதான் கேட்டேன்."

பெரியவர் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சமதளச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகம் வந்ததும், கல் பாவிய சாலையில் போவதுபோல் வண்டி நடுங்கியது. "எண்ணெய விடாத. பிரேக்க எடது காலால லேசா தொடு. அமுக்காத" என்றார். தொட்டேன். நடுக்கம் சட்டென்று நின்றது. காலை எடுத்தேன், மறுபடியும் வந்தது. (பின்னால் வண்டி இல்லாத சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள்.)

ஆட்டோ வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற உருண்டை இருக்கிறது. அதற்குள் எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. சீரான வேகம் வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இறுகி இரண்டையும் நேரடியாகப் பூட்டிவிடும். பிரேக்கைத் தொட்டால் அந்தப் பூட்டு விடும். ஆகவே, தொட்டவுடன் நடுக்கம் நின்றால் குற்றவாளி அந்தப் பூட்டு, அல்லது அதை நனைக்கும் எண்ணெய். எஞ்சினோ டயரோ இல்லை. என் பேலன்சிங் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி.

அடுத்தது ஒரு கைக்கடிகாரச் சோதனை. எஞ்சின் சூடான பிறகு, பிரேக்கை நன்றாக அமுக்கிக்கொண்டு நியூட்ரலிலிருந்து 'டி'க்கு மாற்றுங்கள். வண்டிக்குள் ஒரு சிறு உதை தெரியும். அதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பல பழைய டோயோட்டா பழுதுபார்ப்புக் கையேடுகள் 'டி'க்கு 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் என்கின்றன. மாமாவின் வண்டி ரிவர்ஸுக்கு ஏறக்குறைய மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. எண்ணெய் குறைந்தாலும் இப்படி ஆகும், உள்ளே அழுத்தம் கசிந்தாலும் ஆகும்.

அதனால் அளவுகோலை உருவினார். இங்கேதான் பலரும் தவறுகிறோம். எஞ்சின் எண்ணெயை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். ஆட்டோ கியர் எண்ணெயைப் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும்: சமதளத்தில், சூடான பிறகு, எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுவிட்டு 'பி'யில் வைத்து. ஹோண்டா போன்ற சிலவற்றில் நிறுத்திய பிறகு. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வைத்தார். நல்ல எண்ணெய் தெளிந்த சிவப்பு. கருகிய வாடையோடு கறுத்திருந்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. மாமாவின் டிஷ்யூவில் இருந்தது சிராப் பாண்டுங். ரோஸ் சிராப்பில் பால் ஊற்றினால் வருமே, அதே நிறம்.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. எந்த வழியாக?

"வெள்ளத்துல எறக்குனியா?" மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கலாம் என்று கேட்டார். 2006 கடைசியிலிருந்து ஜோகூர்க்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்லவே. மாமா இல்லை என்றார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார் பெரியவர். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை. தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பு ஆடை மிதந்தது. அங்கே எண்ணெய், இங்கே தண்ணீர். வெள்ளம் என்றால் ரேடியேட்டருக்குள் எண்ணெய் வர வழியில்லை.

இந்த மாதிரி வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. அது அரித்து ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்தினார், சைக்கிள் டியூப்புக்குப் பார்ப்பதுபோல. குமிழி வரிசையாக வந்தது.

"கூலண்ட் ஊத்துறியா?"

மாமா பதில் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார்: "பைப்புத் தண்ணிதாண்ணே. பல வருசமா."

இதில் கியர்பாக்ஸ் தப்பியது என்று எழுத எனக்கும் ஆசைதான். தப்பவில்லை. தண்ணீர் ஊறினால் கிளட்ச் தகட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை உப்பி உரிந்துவிடும். பெட்டியைத் திறந்து தகடுகளை மாற்ற வேண்டி வந்தது, கன்வர்ட்டரையும். புது ரேடியேட்டரையும் சேர்த்தால் செலவு முதலில் சொன்ன தொகைக்குப் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் முதல் பட்டறையின் விலைப்பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ரேடியேட்டர் என்ற சொல்லே இல்லை. ரீகோன் பெட்டியை அந்த ஓட்டை ரேடியேட்டரோடு மாட்டியிருந்தால், சில மாதத்தில் அதுவும் பாண்டுங் குடித்திருக்கும். அத்தையிடம் அடகு வைக்க அடுத்த நகை கிடையாது.

எல்லா அதிர்வும் இப்படி முடியாது. ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, ஓ.டி. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மின் கோளாறு. ஒரு சொலினாய்டோ வயரோ போதும். பெட்டியை இறக்கச் சொல்வதற்கு முன் கோளாறு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போமென் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் எஞ்சினை ஓடவிட்டு அளவுகோலை உருவுகிறார். போன வாரமும் வாட்ஸ்அப்பில் எனக்கொரு டிஷ்யூ படம் வந்தது. சிவப்புதான்.