மேடை எந்தத் தெருவில்?

ஊரில் கலைவிழா நடத்துவோம் என்று சொன்னால் மறுப்பவர் யாரும் இல்லை. நன்கொடைச் சீட்டு அச்சாகிறது. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் போகிறது. தப்பாட்டக் குழுவுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாம் சரி. மேடையை எந்தத் தெருவில் போடுவது என்ற கேள்வி வரும்போதுதான் கூட்டத்தில் மவுனம் விழுகிறது. சிலர் தொண்டையைச் செருமுகிறார்கள். சிலர் பீடி பற்ற வைக்க வெளியே போகிறார்கள். "வழக்கமான இடம்தான் இருக்கிறதே!" என்று ஒரு குரல் எழுகிறது. அத்தோடு தீர்மானம் நிறைவேறிவிடுகிறது.

அந்த வழக்கமான இடம் எது? யாருக்கு வழக்கமான இடம்? அதைப் பற்றித்தான் தோழர்களோடு இன்று பேச வேண்டியிருக்கிறது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருப்பது அனுமந்தன்பட்டி. இந்தப் பள்ளத்தாக்கில் பொழுது விடியும் முன்னே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையிலும் கம்பம்மெட்டிலும் ஏறுகின்றன. மலைக்குப் போகாதவர்கள் வயலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் போகிறார்கள். ஜீப்பில் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்காரும்போது யாரும் யாருடைய தெருவையும் கேட்பதில்லை. தோட்டத்து முதலாளிக்கு வேண்டியது குனிகிற முதுகு. அது எந்தத் தெருவிலிருந்து வந்த முதுகு என்று அவன் பார்ப்பதில்லை. மாலையில் ஜீப் திரும்பி வந்து நிற்கிறது. பகலெல்லாம் ஒன்றாகக் குனிந்தவர்கள் அப்போது இரண்டாகப் பிரிகிறார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம்! தமிழ்நாட்டில் இப்படிப் பிரிந்து கிடக்காத கிராமம் அபூர்வம்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் பதிவேட்டில் சொல்லை அடிக்க ஒரு பேனா போதும். தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே கிடக்கும் கோட்டை அழிக்கப் பேனா போதாது. மக்கள் அந்தக் கோட்டைக் காலால் மிதித்து மிதித்துத்தான் அழிக்க வேண்டும். அப்படி மிதிக்க வைக்கும் சக்தி பாட்டுக்கு உண்டு, கூத்துக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. மேடை சரியான இடத்தில் நிற்க வேண்டும்!

பண்ணைப்புரத்துப் பாட்டு

இது புதிய தத்துவம் அல்ல. நம் மண்ணில் நடந்து காட்டிய வழி. மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்தில், எளிய குடும்பத்தில் பிறந்தவர் பாவலர் வரதராசன். ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, கூடப் பாடத் தம்பிமார். இவ்வளவுதான் அவருடைய படை. சினிமா மெட்டை எடுப்பார். அதில் விலைவாசியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் வைத்துப் பாடுவார். கூட்டம் முதலில் சிரிக்கும், பிறகு யோசிக்கும்.

1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்தது. மறு ஆண்டே தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரின் வாக்குதான் அங்கே பெரிது. பாவலர் அந்தத் தோட்டங்களுக்குப் போனார். தொழிலாளி வேலை முடிந்து வந்து உட்கார்ந்த இடத்தில், அவன் வாழ்ந்த லயத்துக்குப் பக்கத்தில் நின்று பாடினார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று மலையிலும் பள்ளத்தாக்கிலும் தோழர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தக் குழுவில் பாடிக்கொண்டிருந்த தம்பி ஒருவர், 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜா என்று நாடறிந்தார். அதைப் பார்க்க அண்ணன் உயிரோடு இல்லை. 2025 மார்ச்சில் அந்தத் தம்பியின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. பெருமைதான். ஆனால் தோழர்கள் இந்தக் கதையை எங்கே நிறுத்துகிறோம் என்று கவனிக்க வேண்டும். லண்டனில் நிறுத்திக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த இசை பழகிய இடங்களில் தொழிலாளி குடியிருந்த லயத்து வாசலும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம். இசைக்குப் போய் நின்றவர் பாவலர். இசை நம்மிடம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் நாம்!

பட்டணத்தில் என்ன நடந்தது?

சென்னையைப் பாருங்கள். மார்கழி வந்தால் சபாக்களில் சங்கீதம். உள்ளே யார் இருந்தார்கள், வெளியே யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பிலேயே விழா நடத்தினார்கள். கர்நாடக சங்கீதக்காரர் டி.எம். கிருஷ்ணா அதில் முன்னின்றார். கச்சேரியும் நடந்தது, பறையும் முழங்கியது. பக்கத்தில் குடியிருந்தும் அந்தக் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அன்று நடந்து வந்தார்கள். தூரம் கொஞ்சம்தான். ஆனால் எத்தனை தலைமுறையாக நடக்காத தூரம் அது!

ஏழைக்குச் சங்கீதம் தானம் செய்கிறார்களா என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கச்சேரியை மட்டும் கொண்டுபோய் இறக்கியிருந்தால் அது தானம்தான். குப்பத்தானின் கலையும் அதே மேடையில், அதே மரியாதையோடு ஏறும்போது அது தானம் அல்ல, கொடுக்கல் வாங்கல்.

அரசாங்கமும் விழா நடத்துகிறது. 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலும் ஆடின. இடையில் நின்றுபோய் 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா' என்று மறுபடி வந்தது. நாட்டுப்புறக் கலைஞருக்கு மேடையும் ஊதியமும் கிடைத்தன. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கலை ஒட்டிச் சில நாள் வந்துபோகிற விருந்தாளி அது. விருந்தாளியை நம்பி யாரும் உலை வைப்பதில்லை.

துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிடுங்கி ஏழை மக்களைக் கொண்டுபோய் விட்ட குடியிருப்பு. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கிய பட்டணம் இது. 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். மாநகராட்சி துணை நின்றது. முகம் சுளித்த பட்டணம் படம் பிடிக்க வந்தது. இதையும் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சுவர் ஓவியத்தைப் பார்த்தாலும் தோழர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். என்ன வரைவது என்று யார் முடிவு செய்தார்கள்? நிறம் மங்கும்போது தூரிகை பிடிக்க அந்தத் தெருப்பிள்ளைகள் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? பதில் நன்றாக இருந்தால் அது தெருவின் ஓவியம். இல்லையென்றால் அடுத்தவன் கொடுத்த சட்டை!

நம் சுவர்கள்

சுவரைப் பற்றிப் பேசினால் நம் முதுகையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சுவர் எழுத்துத்தான் தொழிலாளியின் கலை. சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுதினார்கள். எழுத்து அழகாயிருந்தால் எதிர்க்கட்சிக்காரனும் நின்று படிப்பான். ஃப்ளெக்ஸ் வந்தது. எழுதிய கை சும்மா நின்றது. இப்போது சுவரில் கொள்கையைக் காணோம், முகங்கள் மட்டும் சிரிக்கின்றன. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் சரிந்த பேனர் ஓர் இளம்பெண்ணின் உயிரைக் குடித்தது. அதன் பிறகும் புத்தி வந்ததா? நம் தோழர்களிலும் தம் முகத்தைத் தெருமுனையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இல்லையா? மனதைத் தொட்டுச் சொல்லட்டும்.

சிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. அந்தத் தண்ணீரால்தான் இந்தப் பள்ளத்தாக்கு உண்கிறது. பென்னிகுவிக்கை மக்கள் மறக்கவில்லை. பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். நன்றி மறவாத மண்! அந்த அணைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு எந்தத் தெருவில் ஒரு சுவர் இருக்கிறது? தலையில் கல்லோடு ஒரு தாய், தோளில் கூடையோடு ஒரு தகப்பன் என்று நம் பிள்ளைகள் வரைந்தால் என்ன? அதற்கு யாருடைய உத்தரவு வேண்டும்? ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவருக்கு உரியவருடைய சம்மதம் வேண்டும். அவ்வளவுதானே!

என்ன செய்ய வேண்டும்?

பேசிவிட்டுப் போவது நம் வேலை அல்ல. அனுமந்தன்பட்டியிலும் இந்தப் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மேடை சுற்றி வரட்டும். மாதம் ஒரு மாலை, ஒரு தெரு. இதுவரை மேடையே காணாத தெருவில்தான் முதல் விழா. கட்டைமேடை வேண்டாம். நான்கு பெஞ்சியும் ஒரு விளக்கும் போதும்.

இரண்டாவது, கலைஞனுக்குக் கூலி. ஆட்டம் தொடங்கும் முன்பே கையில் கொடுங்கள். தோட்டத்தில் கூலி பாக்கி வைத்தால் கொடி பிடிக்கிறோமே, தப்படித்தவருக்கு மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்பது என்ன நியாயம்? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாத கலைஞரைக் கூட்டிப்போய்ப் பதிவு செய்ய வைப்பது கிளையின் வேலை.

மூன்றாவது, மரியாதை. தப்பு முழங்கிக் கூட்டம் சேர்ந்த பிறகு, அடித்தவரைக் கீழே நிற்க வைத்துவிட்டு நாம் மேடையில் உட்காருகிறோம். இனி அவருக்கும் மேலே நாற்காலி. நோட்டீசில் அவர் பெயர். சாவு வீட்டில் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி, விழா மேடையில் விருப்பத்தோடு ஒலிக்க வேண்டும்.

நான்காவது, சாப்பாடு. எந்தத் தெருவில் மேடையோ அந்தத் தெருவிலேயே உலை. விழாக் குழுவினர் எல்லோரும் அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "வீட்டில் காத்திருப்பார்கள்" என்று நழுவுகிறவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவருக்கு அடுத்த மாதம் மேடை கிடையாது!

ஆட்சேபணை வரும், தெரியும். "அங்கே போட்டால் கூட்டம் வராது" என்பார்கள். வராவிட்டால் வராமலே போகட்டும். முதல் மாதம் ஐம்பது பேர் வரட்டும். ஊரின் நிலைமை என்ன என்று நமக்கு நாமே தெரிந்துகொள்வோம். அடுத்த மாதம் அறுபது பேர் வருவார்கள். பாட்டு நன்றாயிருந்தால் காது வீட்டில் உட்கார்ந்திருக்காது. "வம்பு வரும்" என்பார்கள் வேறு சிலர். வம்பை வளர்க்க நாம் போகவில்லை. ஆனால் வம்புக்குப் பயந்து வழக்கமான இடத்திலேயே மேடை போடுகிறவன், அந்த வழக்கத்துக்கே காவல் நிற்கிறான்.

மேடை நிற்கும் இடத்தின் மதிப்பு நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, எதிரிக்கு நன்றாகத் தெரியும். டில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத், அங்கே ஜண்டாப்பூர் என்ற தொழிலாளர் குடியிருப்பு. 1989 ஜனவரி முதல் நாள், சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு அங்கே தெரு நாடகம் போட்டது. குண்டர்கள் பாய்ந்து தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி மாண்டார். மறுநாள் சப்தரும் உயிர் நீத்தார். நாலாம் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் திரும்பி வந்தார்கள். எங்கே? டில்லி மண்டபத்துக்கா? இல்லை. அதே ஜண்டாப்பூருக்கு! பாதியில் நின்ற நாடகத்தை அதே மண்ணில் நின்று ஆடி முடித்தார்கள்.

அவர்கள் ரத்தம் காயாத தெருவுக்குத் திரும்பிப் போனார்கள். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவுக்கு நாலு பெஞ்சியைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் கலைவிழா பற்றிய பேச்சு வரும். மேடை எந்தத் தெருவில் என்ற கேள்வியும் வரும். அப்போது பீடி பற்ற வைக்க வெளியே போகாதீர்கள், தோழர்களே! உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.