16 கட்டத்துக்குள் குத்து அடங்குமா? லேப்டாப்பில் தாளம் கட்டுபவர்கள் கவனத்துக்கு!

சென்னை - அரக்கோணம் மின்சார ரயில் பாதையில் இருக்கும் திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாத பூசலார், அடித்தளம் முதல் விமானம் வரை சிவனுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார் என்கிறது பெரியபுராணம். டிரம்ஸ் செட் வாங்கவோ வைக்கவோ வழியில்லாமல் லேப்டாப்பில் தாளம் கட்டுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். என்ன ஒண்ணு, அவர் ஒவ்வொரு கல்லாக வைத்தார். இங்கே பலர் ரெடிமேட் லூப்பை இழுத்துப் போட்டுவிட்டு பாடப் போய்விடுகிறார்கள்.

வீட்டு ஸ்டூடியோ என்றால் மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டை ஒட்டித் தொடங்கியதுதான் பஞ்சதன் ஸ்டூடியோ. 1992-ல் வந்த ‘ரோஜா’ அங்கே உருவானதுதான். இன்றைக்கு ஹைட்ரஜன், எல்.எம்.எம்.எஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் சிக்கல் காசில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது.

பெரும்பாலான டிரம் மென்பொருளைத் திறந்ததும் 16 கட்டங்கள் வரும். நான்கு நான்காகப் பிரியும் மேற்கத்தியத் தாளத்துக்கு அது கச்சிதம். நம்ம ஊர் குத்து பெரும்பாலும் மும்மூன்றாக ஓடுவது. 16-ஐ மூன்றால் வகுக்க முடியாதே! அதில் ‘டண்டணக்கா’வை அடைத்தால் நொண்டத்தான் செய்யும். முதல் வேலையாக பேட்டர்ன் நீளத்தை 12 கட்டமாக மாற்றணும்.

அடுத்தது வெலாசிட்டி, அதாவது அடியின் வலு. மிடி முறையில் இது 1 முதல் 127 வரை போகும். எல்லா அடியும் ஒரே எண்ணில் இருந்தால் தையல் மெஷின் சத்தம்தான் மிஞ்சும். மனுஷன் கை அப்படி அடிக்காது. முக்கிய அடி 115 என்றால், நடுவில் வருபவை 40, 60 என இறங்கி ஏறட்டும்.

நேரமும் அப்படித்தான். 100 பி.பி.எம் வேகத்தில் ஒரு தட்டுக்கு 600 மில்லி செகண்ட். அதில் ஸ்னேர் ஒரு 10 மில்லி செகண்ட் தள்ளி விழுந்தால் பாட்டு சாவகாசமாக நடப்பதுபோல இருக்கும். ‘குவாண்டைஸ்’ பட்டனை 100 சதவீதத்தில் அழுத்தினால் அந்த சொகுசு மொத்தமும் காலி. சிலர் அதைத்தான் ‘புரொஃபஷனல் சவுண்ட்’ என்று நம்புகிறார்கள், பாவம்.

பறை ஒலி வேண்டும் என்றால் இன்னும் மெனக்கெடணும். நீளமான மெல்லிய குச்சிக்கு ஒரு சத்தம், குட்டையான தடித்த குச்சிக்கு வேறு சத்தம். ஒரே ‘சாம்பிள்’ இரண்டுக்கும் பொருந்தாது. வெளிநாட்டு டிரம் கிட்டில் தேடுவதைவிட, பக்கத்தில் இருக்கும் பறைக் கலைஞரைக் கூப்பிட்டு, மெதுவான அடி, பலமான அடி எனத் தனித்தனியாகப் பதிவு செய்வது நல்லது. அந்த ஒரு நாள் பதிவு, அவர் இல்லாமலேயே நூறு பாட்டில் ஒலிக்கும். ஆகவே ‘ஒரு டீ வாங்கிக் கொடுத்தாப் போச்சு’ என்பதெல்லாம் நியாயமே இல்லை. சம்பளத்தையும், பாட்டில் அவர் பெயர் வருவதையும் ரெக்கார்டிங்குக்கு முன்பே பேசி முடித்துவிடணும்.