மக்காச்சோள விதைப்பு: குருணை வேண்டுமா, விதை நேர்த்தி போதுமா?

ஆடி பிறந்து உருப்படியாக ஒரு மழை விழுந்துவிட்டால் போதும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் பக்கத்து உரக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். மக்காச்சோள விதைப் பையை வாங்கி வண்டியில் வைத்த கையோடு, "அண்ணா, அடியில போடுற குருணை ஒண்ணு குடுங்க" என்பார்கள். எந்தப் பூச்சிக்கு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் "புழுவுக்குத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் 'புழு' யார் என்பதில்தான் காசும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

தர்மபுரியின் செம்மண் நிலத்தில் மக்காச்சோள நாற்றைக் கெடுப்பது ஒரே ஆள் இல்லை. செடியைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வருகிறது, வேர் கடிபட்டிருக்கிறது என்றால் அது வெள்ளைப் புழு எனப்படும் வேர்ப்புழு. நிலக்கடலை, கரும்பு எடுத்த நிலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். தரையோடு தரையாக அரிவாளால் அறுத்ததுபோல் செடி சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. பகலில் அந்தச் செடியின் அடிமண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். தண்டில் மண்பூச்சு இருந்தால் கறையான். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் அழுகல் நாற்றத்தோடு வந்தால் குருத்து ஈ. இந்தக் கடைசி ஆசாமி மண்ணில் வசிப்பவரே இல்லை. முட்டை வைப்பது நாற்றின் மேல். மண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

விதை முளைக்கவே இல்லை, அங்கங்கே குழி மட்டும் இருக்கிறதா? அது மயிலாகவோ அணிலாகவோ இருக்கலாம். காட்டோரத்து நிலங்களில் பன்றி. கடையில் இதற்கெல்லாம் குருணை கிடையாது.

வேர்ப்புழு மற்றதைவிட ஏன் பெரிய எதிரி என்பதற்கு மக்காச்சோளத்தின் உடம்பிலேயே காரணம் இருக்கிறது. முளைத்து ஐந்தாறு இலை விடும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், அதன் வளரும் நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே இலையைக் கடித்துவிட்டால்கூடச் செடி மறுபடி துளிர்க்க வழி உண்டு. வேரையும் அந்த நுனியையும் கடித்தால் அதோடு சரி. ஆக, காப்பாற்ற வேண்டிய காலம் முதல் மூன்று வாரம்தான்.

விதைப்பதற்கு முன் நிலத்தில் அங்கங்கே ஓரடிக்கு ஓரடி, அரையடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணை ஒரு சாக்கின் மேல் கொட்டிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அரை நாள் வேலை. கிடைத்த புழுவை ஒரு டப்பாவில் மண்ணோடு போட்டு, பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். குப்பைக்குழியில் நெளியும் பெரிய வெள்ளைப் புழுக்களைப் பார்த்துப் பலர் மிரண்டுபோகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். மக்கிய குப்பையைத் தின்பவை. ஆனாலும் மக்காத எருவை நிலத்தில் கொட்டுவது வேர்ப்புழுவையும் கறையானையும் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான்.

குருணைக்கு வருவோம். ஒரு காலத்தில் பி.ஹெச்.சி. பவுடரை மண்ணில் தூவாத ஊர் இல்லை. 1997-ல் அதற்குத் தடை வந்தது. அதன் பிறகும் கோலோச்சியது 'திமெட்' என்ற பெயரில் பழகிப்போன ஃபோரேட் குருணை. மருந்துப் பொட்டலத்தில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் அளவைச் சொல்கிறது. ஃபோரேட்டுக்குச் சிவப்பு, கடும் விஷம். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த உத்தரவில் இதுவும் இருந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு விற்கக் கூடாது. 2023-ல் வந்த இன்னொரு உத்தரவு கார்போஃபியூரானில் 3 சதவீதக் குருணையைத் தவிர மற்ற வடிவங்களை நிறுத்தியது. கறையானுக்கு ஊற்றுகிற குளோர்பைரிஃபாஸ் இங்கே புழக்கத்தில் இருந்தாலும், 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளோடு, அதுவும் ஏறிவிட்டது. வீட்டுப் பரணில் பழைய குருணைப் பொட்டலம் இருந்தால், 'வீணாப்போகுதே' என்று நிலத்தில் தூவ வேண்டாம். வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அகற்றுவதுதான் சரி.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, விதைக்கும்போதே சாலில் மருந்து விடும் கருவியைப் பற்றி விசாரிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அங்கே அந்த ஏற்பாடு பெரும்பாலும் மேற்கத்திய வேர்ப்புழு வண்டு என்ற ஒரு பூச்சிக்காக வந்தது. அது நம் நாட்டிலேயே இல்லை. இல்லாத திருடனுக்கு இங்கே எதற்குப் பூட்டு?

நமக்கு வந்து சேர்ந்த திருடன் வேறு. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு, அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளத்தையும் சூறையாடியது. இலையிலும் குருத்திலும் தின்றாலும், கூட்டுப்புழுவாக மாறுவதற்கு அது மண்ணுக்குள் இறங்குகிறது, சில சென்டிமீட்டர் ஆழத்தில். கோடை உழவில் அதை மேலே புரட்டிவிட்டால் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

இதற்குப் பிறகுதான் சயான்ட்ரனிலிப்ரோல், தயோமீதாக்சம் இரண்டும் கலந்த விதை நேர்த்தி மருந்து பரவலானது. ஏக்கருக்கு விதையே எட்டுக் கிலோதான். கிலோவுக்குச் சில மில்லி மருந்து. நிலம் முழுக்க விஷம் தூவுவதோடு ஒப்பிட்டால் இது கொசுறு. முளைக்கும் செடி வேர் வழியாக மருந்தை உறிஞ்சிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் தற்காத்துக்கொள்கிறது. அதற்குமேல் இதை நம்பி இருக்க முடியாது. பதினைந்தாம் நாளிலிருந்து குருத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வீரிய ஒட்டு விதை பெரும்பாலும் மருந்து பூசியே வருகிறது. சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். எந்த மருந்து என்பது பையின் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் வீட்டில் இன்னொரு முறை மருந்து கலக்குவது வீண் செலவு. சில பைகளில் பூசணக்கொல்லி மட்டும் இருக்கும். அப்போது பூச்சி மருந்து தேவைப்படலாம். அசோஸ்பைரில்லம் கலப்பதாக இருந்தால் அது கடைசியில், ஒரு நாள் இடைவெளி விட்டு.

ஜெர்மனியில் 2008-ல் நடந்ததையும் தெரிந்துகொள்வது நல்லது. மருந்து பூசிய மக்காச்சோள விதையைக் காற்றழுத்தக் கருவியால் விதைத்தபோது, சரியாக ஒட்டாத மருந்து தூளாகப் பறந்து ஆயிரக்கணக்கான தேனீக் கூடுகள் அழிந்தன. நம் ஊரில் அந்தக் கருவி அரிது. இங்கே விதையைப் போடுவது பெண்களின் கை.

முந்தானையில் விதையைக் கட்டிக்கொண்டு, சாலுக்குச் சால் வெறும் விரலால் ஊன்றிக்கொண்டே போகிறார்கள். நடுவில் வெற்றிலை போடுவதும், அதே கையால் களி உருண்டை சாப்பிடுவதும் நடக்கிறது. மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஆண், கடன் சொல்லி வாங்குவது ஆண், தொடுவது மட்டும் பெண். பை வாங்கும்போதே நாலு ஜோடி ரப்பர் கையுறை, விதை வைக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம், வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் — குருணைக்குச் செலவழித்திருக்கும் காசில் இதெல்லாம் தாராளமாக முடியும்.

விதைப்பு முடிந்து மீந்த விதையைக் கோழிக்கு இறைக்கக் கூடாது, கழுவினாலும் கூடாது. சாலில் மூடாமல் கிடக்கும் விதையை மண் தள்ளி மூட வேண்டும். காலிப் பையில் ராகியோ அரிசியோ கட்டி வைப்பதும் வேண்டாம். மீந்ததைப் பையோடு, பெயர் தெரியும்படி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தால், பத்து நாள் கழித்து முளைக்காத குழிகளில் போடு விதைக்கு அதுவே ஆகும்.