முடியப்பர் பரிமாறிய பந்தி



ஆப்பிரிக்க நாடொன்றில் பஞ்சம் என்ற செய்தி எட்டியவுடன் பங்கு அலுவலக வாசலுக்கு முதலில் வந்து சேருவது எது தெரியுமா? பழந்துணி மூட்டைகள். கொண்டு வருவோரின் நெஞ்சில் இரக்கம் உண்டு, அதில் ஐயமில்லை. ஆயினும் அம்மூட்டை எந்தக் கப்பலில் ஏறும், யார் உடுத்துவர், அவர்களுக்குத் தேவை துணிதானா என்று நாம் கேட்பதில்லை. அலமாரியில் இடம் பிறந்தது, மனத்தின் பாரமும் குறைந்தது என்று இருந்துவிடுகிறோம்.

1984, 85-ஆம் ஆண்டுகளில் எத்தியோப்பியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. தொலைக்காட்சியில் அந்த எலும்புக்கூடான குழந்தைகளைக் கண்ட உலகம் அள்ளிக் கொடுத்தது. கப்பல் கப்பலாகத் தானியம் வந்திறங்கியது. ஆனால் செங்கடலோரத்து அசாப் துறைமுகத்தில் மூட்டைகள் குன்றுபோல் குவிந்து கிடந்தன. மலைநாட்டு மக்களிடம் அவற்றைக் கொண்டு சேர்க்கப் போதிய லாரிகள் இல்லை. உள்நாட்டுப் போர் வேறு பாதையை மறித்தது. கோதுமை அனுப்பத் தோன்றிய பலருக்கு லாரி அனுப்பத் தோன்றவில்லை.

தூரதேசத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. நம் கரையே உதவிக்குக் கையேந்திய கரைதான். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. ஒன்பது மணியளவில் அலை சென்னையை அடைந்தது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய நம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளை அது வாரிச் சென்றது. சென்னையில் மாண்டோர் 200 பேருக்கு மேல். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தார். சாந்தோம் பேராலயத்தை அலை தீண்டாததற்கு அங்குள்ள புனித தோமையார் கம்பமே காரணம் என்று பக்தியோடு சொல்வோர் உண்டு. சொல்லட்டும். ஆனால் சொல்லுமுன், கூப்பிடு தூரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாரேனும் அருகில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நலம்.

அந்நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரிகள் கடலோரத்தை நோக்கி விரைந்தன. நாகையின் சாலையோரங்களில் பழந்துணிகள் குவியல் குவியலாக மண்ணில் கிடந்ததை அன்று கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. கடல் தரும் நாளில் பிறர்க்குக் கொடுத்துப் பழகிய கை, பிறர் உடுத்துக் கழித்ததை எடுக்கக் கூசியது. இதை நன்றிகெட்டதனம் என்று பேசியோரும் இருந்தனர். எனக்கு அது தன்மானமாகவே தெரிகிறது. பின்னர் தில்லியிலிருந்து வந்த ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு அத்துணிகளைத் திரட்டித் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்கியது. கொடுப்பவர் வீட்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது!

படகுகளின் கதை இன்னும் வியப்பானது. கட்டுமரம் இழந்தவர்களுக்கு ஃபைபர் படகு தர நிறுவனங்கள் போட்டியிட்டன. படகுக்குப் பெயர் எழுதலாம், நிழற்படம் எடுக்கலாம், கொடுத்தவர்க்கு அனுப்பலாம் அல்லவா? அவசரத்தில் புதிதாய் முளைத்த பட்டறைகளில் வார்த்த படகுகள் சில தரம் குன்றியிருந்தன. சில ஊர்களில் இழந்ததைவிட வந்தது மிகுதியாகி, படகு உண்டு, தொழிலுக்கு ஆள் இல்லை என்ற நிலை. மீனோ முன்னிருந்த அளவுதான்! அதே வேளையில், மீன்கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்ற பெண்ணுக்கு இழப்பைக் காட்டப் படகு ஏது? கரையோரத்து இருளர் குடும்பங்களும், உப்புநீர் புகுந்த வயல்களில் கூலி வேலை செய்த தலித் மக்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். சென்னைக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டன. வீடு கிடைத்தது, கடல் கைவிட்டுப் போயிற்று. விடியற்காலை ஏலத்திற்குக் கூடையுடன் வர வேண்டிய பெண்ணைக் கேட்டிருந்தால், அந்த வீட்டை எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 26 திருச்சபை நாள்காட்டியில் புனித முடியப்பர் திருநாள். அவ்வாண்டு ஞாயிறாக அமைந்ததால் திருக்குடும்ப விழா முந்திக்கொண்டது. முடியப்பரை முதல் வேதசாட்சி என்று அறிவோம்; அவர் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். எருசலேமில் அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டனர், முணுமுணுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. பந்தியைக் கவனிக்க எழுவரை நியமித்தார்கள். பட்டியலில் முதற்பெயர் முடியப்பருடையது. விடுபட்டவர் யார் என்று பார்ப்பதற்கே திருச்சபையில் ஒரு திருப்பணி பிறந்தது!

நாகையிலும் அத்தகைய ஏற்பாடு ஒன்று தோன்றியது. 2005 தொடக்கத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ‘ஸ்நேகா’ அமைப்பும் முன்நின்று, மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்த ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதி வைப்பது அதன் பணி. நிழற்படத்திற்கு அழகில்லாத வேலைதான். ஆனால் பல லாரிகள் சரியான ஊருக்குத் திரும்பின.

ஆகவே ஆப்பிரிக்காவுக்கு உதவ விழையும் நம் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். துணி மூட்டை வேண்டாம். ருவாண்டா நாடு தன் தையல் தொழில் நசியாதிருக்க, 2016-இல் பழந்துணி இறக்குமதிக்குப் பெருவரி விதித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் கொடையைப் பணமாக உறையிலிட்டுத் தாருங்கள். 160-க்கு மேற்பட்ட தேசிய அமைப்புகளின் கூட்டான காரித்தாஸில், அந்தந்த நாட்டுத் திருச்சபையினரே களத்தில் நிற்கின்றனர். பக்கத்துச் சந்தையில் தானியம் வாங்கவோ, லாரிக்கு வாடகை தரவோ, எது தேவை என்பதை அவர்கள் அறிவார்கள். உறை தருமுன் பிள்ளைகளுடன் சீனிவாசபுரம் வரை ஒரு மாலை நடந்து செல்லுங்கள். மீன் விற்கும் அம்மாமாரிடம், 2005-இல் எது வந்தது, எது வரவில்லை என்று கேளுங்கள். கேட்டதை எழுதி, உறையுடன் அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் சேர்ந்து வாசிப்போம்.