இதயம் நின்றது: அதுவா காரணம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இறப்பின் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

பாம்பு கடித்து இறந்தாலும், காய்ச்சலில் இறந்தாலும், கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது சாவு வந்த விதம்; சாவின் காரணம் அன்று. மாரடைப்பு என்பது வேறு. இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனி அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி மடிந்துபோவதே மாரடைப்பு.

இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகவே நோய்களுக்கு எண்கள் தரப்பட்டுள்ளன. சாவின் காரணங்களுக்கு உலகப் பொதுவான பட்டியலை 1893இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியோன் முன்வைத்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கவனித்து வருகிறது. பட்டியலின் பத்தாம் திருத்தத்தில், புதிதாக வந்த மாரடைப்புக்கு ஐ 21 என்ற எண். நான்கு வாரங்களுக்கு மேலாகி ஆறிப்போன பழைய மாரடைப்புக்கு ஐ 25.2. இதயம் நின்றுபோவதற்கு ஐ 46. ஆவடியில் எழுதினாலும் ஜப்பானில் எழுதினாலும் பொருள் ஒன்றே. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் எண்கள் மாறின. இந்தப் பாகுபாடு மாறவில்லை.

"காரணத்தைச் சரியாக எழுதினால் இறந்தவர் திரும்பி வருவாரா?" என்று சிலர் கேட்கலாம். வரமாட்டார். ஆனால் இருப்பவர்கள் பிழைக்கலாம். தமிழகத்தில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து மாரடைப்புக்குச் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. அம்பத்தூருக்கு அருகே முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவர்களும் அதில் பங்கு கொண்டனர். நோயாளிகள் 2,420 பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள், இணைப்புக்கு முன் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. இ.சி.ஜி. படத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு வகை மாரடைப்பை மட்டும் பிரித்து எண்ணியதால்தான் இந்தப் பலன் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் 'இதயம் நின்றது' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் தெரிந்திருக்குமா?

2020இல் நம் நாட்டில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கொஞ்சமும் தெளிவாக இல்லாவிட்டால், எந்த ஊருக்கு என்ன மருந்தும் கருவியும் தேவை என்று எதை வைத்துக் கணக்கிடுவது?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மருத்துவமனையில் இறந்தவரின் காரணச் சான்று நகலை நெருங்கிய உறவினருக்குத் தரவேண்டும். வாங்கிப் படியுங்கள். 'இதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால், "எதனால் நின்றது, ஐயா?" என்று பணிவோடு கேளுங்கள். உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். அன்று அந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.