பூமிக்கடியில் செல்லும் சிறுமியர்

சிறுமியர் நாயகியராக வரும் மாயச் சாகசக் கதைகள் பற்றித் தமிழ் ஆய்வுலகில் இரண்டு கருத்துகளே பெரிதும் புழங்குகின்றன. அவை ஆங்கிலப் பதிப்புச் சந்தையின் இறக்குமதி என்பது ஒன்று. சாதியும் வறுமையும் வாட்டும் ஊர்களின் குழந்தைகளுக்கு யதார்த்தமே தேவை, மாயம் ஏமாற்று என்பது மற்றொன்று. முதலாவதற்கு விரிவான மறுப்பு வேண்டியதில்லை. தமிழ் நாவலும்கூட அவ்வழியே வந்ததுதான். இரண்டாவது கருத்து முற்போக்கின் குரலில் பேசுவதால் கேள்விக்கு உட்படாமல் தப்பிவிடுகிறது. அதைக் கோலார் தங்கவயலில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்பதித்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் சென்ற தமிழ்த் தலித் குடும்பங்களின் உழைப்பில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. ஊரின் வாழ்வும் சாவும் நிலத்தடியில்தான் தீர்மானமாயின. கீழே பாறை வெடித்தபோது மேலே லைன் வீடுகள் அதிர்ந்தன. ஆனால் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 46-ஆம் பிரிவின் வழியாக, நிலத்தடிப் பணியைப் பெண்களுக்குத் தடை செய்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு மட்டும் அந்தத் தடை 2019-இல் தளர்ந்தது. தங்கச் சுரங்கங்களோ 2001 பிப்ரவரி 28 அன்றே மூடப்பட்டுவிட்டன. அப்பனும் பாட்டனும் இறங்கிய குழியைப் பற்றி அவ்வூர்ப் பெண்பிள்ளைக்கு யதார்த்தவாதம் எதைத் தர முடியும்? ஷாஃப்ட் வாசலில் காத்து நிற்கும் ஒருத்தியின் கதையைத் தரும். அது உண்மைக் கதைதான். அவளுக்கு அது ஒன்றே போதும் என்று முடிவுசெய்தவர் யார்?

லூயி கரோல் 1864-இல் ஒரு சிறுமிக்குக் கையெழுத்துப் படியாக அளித்த கதையின் முதல் தலைப்பு 'பூமிக்கடியில் ஆலிஸின் சாகசங்கள்' என்பது. அதில் ஆலிஸ் எவர் அனுமதியும் கேளாமல் முயலின் வளைக்குள் இறங்குகிறாள். யாரையும் மீட்கவோ அரசைக் கவிழ்க்கவோ அவள் போகவில்லை. வெறும் ஆர்வத்தால் போகிறாள். இக்கதைகளின் ஈர்ப்பு வாளிலும் மந்திரக்கோலிலும் இருப்பதாக எண்ணும் திறனாய்வு இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. காரணம் சொல்லாமல் போகலாம், தவறு செய்யலாம், வழி தவறலாம், திரும்பியும் வரலாம். ஆண்பிள்ளைக்கு ஊரே தந்துவிட்ட இந்த உரிமை பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் கதையில்தான் வாய்க்கிறது.

இவ்வகை நூல்கள் எட்டு முதல் பன்னிரண்டு வயதினரைக் கருதி எழுதப்படுவதில் தமிழ்ச் சூழலுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. தெருவும் மைதானமும் சிறுமிக்குத் திறந்திருக்கும் கடைசி ஆண்டுகள் அவை. மஞ்சள் நீராட்டோடு கதவு சாத்தப்படும் என்பதை அவள் அக்காவைப் பார்த்தே அறிந்திருக்கிறாள். அந்த வயதில் அவள் கையில் வந்துசேரும் சாகசக் கதையைத் தப்பித்தல் என்று பெயரிடுவோர், எதிலிருந்து தப்பித்தல் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மாயம் உழைப்பை மறைக்கிறது என்ற வாதமும் நிற்காது. தங்கவயல் மூடப்பட்ட அதே 2001-இல் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' வெளிவந்தது. பத்து வயதுச் சிஹிரோ ஆவிகளின் குளியல் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் முதலாளி அவள் பெயரைப் பறித்துக்கொள்கிறாள். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் பேத்திகளுக்கு அக்காட்சியை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

மாயத்தின் மீதான இந்த ஐயம் எல்லாருக்கும் பொதுவாகவும் இல்லை. 'கே.ஜி.எஃப்' திரைப்படங்கள் (2018, 2022) நராச்சி என்ற கற்பனைச் சுரங்கத்தில் ஓர் ஆணை அரசனாக்கின. அது வணிகக் கேளிக்கை என்று விட்டுவிடப்படுகிறது. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) அதே மண்ணின் கதையை மாயத்தோடு சொன்னது; அந்த மாயத்தை ஒடுக்கப்பட்டோர் வரலாற்றின் மொழியாக வாசிக்கத் திறனாய்வுக்குத் தெரிகிறது. ஆனால் அதே மாயம் ஒரு சிறுமியின் கைக்கு வந்தால் மட்டும் யதார்த்தத்தின் பெயரால் ஆட்சேபம் எழுகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இலேயே பெற்றிருந்தது. அவற்றை முனைவர்ப் பட்ட ஆய்வுக்குரிய பனுவல்களாக எத்தனை நெறியாளர்கள் ஏற்பார்கள் என்பதைத் துறைகளே தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

நாயகி சிறுமி என்பதாலேயே கதை சிறந்துவிடாது என்பதும் உண்மை. சடை பின்னிய இளவரசனாக மட்டுமே வருபவள், ஏழு கடல் ஏழு மலை தாண்டும் பழைய கதைக்கு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. அந்தக் குறையைப் பேசுவது திறனாய்வின் வேலை. படிக்காமலே வகைமையை ஒதுக்குவது அவ்வேலையைச் செய்யாமல் விடுவதற்கான வழி.

1965-இல் சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்துவரும் நியூட்ரினோக்களின் தடயத்தை இயற்பியலாளர்கள் பதிவுசெய்தனர். கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க மனிதர் பூமிக்குள் இறங்கிய ஊர் அது. இன்று அந்தச் சுரங்கங்களில் நீர் தேங்கிக் கிடக்கிறது. ஊரார் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், பெண்களும்தான். அந்த ஆழத்துக்குள் இறங்கும் ஒரு சிறுமியின் கதையைத் தங்கவயலின் தமிழில் யாரேனும் எழுதினால், அதைக் குழந்தைகளுக்கானது என்று நூலகத்தின் கீழ்த்தட்டில் தள்ளாமல் வகுப்பறையில் வைத்துப் படிக்கத் தமிழ்த்துறைகள் முன்வர வேண்டும்.